பாட்டிக்கும் ஒரு பெயர் உண்டு!



என் கணவரின் வேலை காரணமாக ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் வசிக்கிறோம். எதிர் வீட்டுப் பாட்டிதான் எனக்குப் பேச்சுத் துணை. அழைப்பு மணிப் பலகையில் இருந்ததுதான் பாட்டியின் பெயர் என்று ஆறு மாதம் நினைத்துக் கொண்டிருந்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. அது தாத்தாவின் பெயராம்!

இங்கே குடும்பப் பெயர் முன்னால், வைத்த பெயர் பின்னால். நம்ம ஊர் இனிஷியல் மாதிரி. கோவாச் இஷ்ட்வான் என்பவரைக் கட்டிக்கொண்டவள், பழைய வழக்கப்படி 'கோவாச் இஷ்ட்வான்னே' ஆகிவிடுவாள். 'னே' என்றால் மனைவி. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அதில் எங்கேயும் இருக்காது. இப்போது சட்டப்படி பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்ளலாம். வயதானவர்கள்தான் பெரும்பாலும் 'னே'யாகவே இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் எவ்வளவு அழகான பெயர்கள்! விராக் என்றால் பூ. சில்லா, நட்சத்திரம் என்ற சொல்லிலிருந்து வந்தது, நம்ம தாரா. துன்டெ, தேவதை என்ற சொல்லிலிருந்து வோரோஷ்மார்தி என்ற கவிஞர் 1831-ல் வெளியான தன் நாடகத்துக்காக உண்டாக்கிய பெயர். பிள்ளைகளுக்கு ஆல்மோஷ், கனவு என்ற சொல்லோடு சேர்த்துக் கதை சொல்கிறார்கள். ஃபார்காஷ் என்றால் ஓநாய்! ஆனால் இஷ்டத்துக்குப் பெயர் வைத்துவிட முடியாது. அங்கீகரித்த பட்டியலில் இல்லாவிட்டால் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும்.

நம் காலண்டரில் ராகு காலம் போட்டிருப்பது போல, இங்கே ஒவ்வொரு தேதிக்கும் ஓரிரு பெயர்கள் போட்டிருக்கும். அந்தப் பெயர்க்காரர்களுக்கு அன்று பெயர் நாள். பிறந்த நாள் மாதிரி பூவும் வாழ்த்துமாக ஒரே அமர்க்களம்.

ஆகஸ்ட் 7-ந் தேதி பாட்டி வீட்டுக்கு மகள் பூங்கொத்தோடு வந்தாள். "இன்றைக்கு இபோயா நாள்!" என்று பாட்டி சிரித்தார். இபோயா என்றால் வயலெட் பூவாம். அன்றுதான் பாட்டியின் சொந்தப் பெயரே எனக்குத் தெரிந்தது.

"உன் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். "உஷா... விடியற்காலை" என்றேன், அரைகுறை பாஷையில். "அட, ஹாய்னால்கா!" என்று கன்னத்தைத் தட்டினார். அதுவும் விடியலிலிருந்து வந்த பெயர்தானாம்.

நானும் மறந்து போயிருந்தேன். மார்ச் 27-ந் தேதி காலையில் அழைப்பு மணி அடித்தது. கையில் பூவோடு பாட்டி! அன்று ஹாய்னால்கா நாள். கல்யாணமான நாளிலிருந்து இன்னார் மிஸஸ், பாபு அம்மா என்றே கேட்டுப் பழகிய எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே எங்கள் பலகையில், அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதி ஒட்டினேன்.

சகோதரிகளே, பக்கத்து வீட்டு மாமியின் சொந்தப் பெயர் உங்களுக்குத் தெரியுமா? நாளைக்கே கேட்டுப் பாருங்களேன். அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

- உஷா, புடாபெஸ்ட்.