மரத்தில் ஆளில்லை: பாரந்தூக்கிக் கவ்வி பற்றிச் சில விளக்கங்கள்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே பிக்கரிங், ஏஜாக்ஸ் பகுதிகளில் வீடு வாங்கிய எம்மவர்களிற் பலருக்கு, வீட்டுக்கடனை அடுத்து வந்து சேரும் எதிர்பாராத செலவு மரம். வாங்கும்போது நல்ல நிழல் என்று மகிழ்ந்த மரம் சில ஆண்டுகளில் உச்சி காய்ந்து, கூரைக்கு மேலே பட்ட கொப்பை நீட்டிக்கொண்டு நிற்கிறது. தறிப்பதற்கு விலை கேட்டால் ஒருவர் சொல்வதற்கும் மற்றவர் சொல்வதற்கும் இடையே பெரிய இடைவெளி. கூடிய விலை சொல்பவர் பெரும்பாலும் பாரந்தூக்கி பூட்டிய லொறியோடு வருபவர். குறைந்த விலை சொல்பவர் ஏணி, சங்கிலிவாள், கயிறு ஆகியவற்றோடு வருபவர். இந்த இடைவெளிக்குள் என்ன இருக்கிறது என்பதை விளக்குவதே என் நோக்கம். ஊரில் பௌதிகவியல் படிப்பித்தவன், இங்கே தொழிற்சாலையில் பாரந்தூக்கியோடு நாள்முழுதும் மல்லுக்கட்டுபவன் என்ற இரண்டு தகுதிகளுக்கு மேல் எனக்கு இதில் உரிமை எதுவும் இல்லை.

மரம் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு வண்டு. மரகதப்பச்சை நிறமுள்ள ஆஷ் துளைப்பான் கிழக்காசியாவிலிருந்து வந்து சேர்ந்தது. 2002 இல் டிற்ரோயிட்டிலும், ஆற்றின் இக்கரையில் உள்ள விண்ட்சரிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. 2007 இல் ரொறன்ரோவில் உறுதிசெய்யப்பட்டது. வளர்ந்த வண்டின் நீளம் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். அழிவைச் செய்வது அதன் புழு. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே நெளிநெளியாகச் சுரங்கம் அறுத்து, இலை சமைத்த உணவு கீழிறங்கும் வழியை அது அடைத்துவிடுகிறது. இதற்கெதிராக இங்கே மரத்தினுள் ஏற்றப்படும் மருந்துகளுள் ஒன்றான ‘ட்ரீஅசின்’ எதிலிருந்து வருகிறது தெரியுமா? வேப்பம் விதையிலிருந்து! எங்கள் முற்றத்து வேம்பு கனடிய மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறது. ஆனால் உச்சி பெருமளவு காய்ந்தபின் அந்த வைத்தியமும் பலிக்காது, தறிக்கத்தான் வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பட்ட ஆஷ் விரைவாக உலர்ந்து நொறுங்கும் தன்மை பெறுகிறது. வெளியே திடமாகத் தோன்றும் கொப்பு, ஏறுபவன் கயிற்றில் பாரம் கொடுத்த மாத்திரத்தில் முறியலாம். எது முறியும் எது தாங்கும் என்று அனுபவசாலிக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. 2022 மே 21 அன்று ஒன்ராறியோவைக் குறுக்கறுத்த பெரும் புயலிலும் இதே கதைதான்: பாதி முறிந்து, கூரையிலும் மின்கம்பியிலும் சாய்ந்து, முறுகி நிற்கும் மரத்தில் எந்த நாரில் எவ்வளவு இழுவை இருக்கிறது என்பதை வெட்டிப் பார்த்துத்தான் அறியலாம்.

ஊரில் வீட்டோரத் தென்னையைத் தறித்தவர்களை நினைத்துப் பாருங்கள். வட்டைக் கழித்து, வடக்கயிறு கட்டி, தண்டைத் துண்டு துண்டாக இறக்குவார்கள். அபார திறமைதான். ஆனால் தென்னைக்கும் பனைக்கும் கொப்பில்லை. பாரம் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் நிற்கிறது. மேப்பிளும் ஆஷும் நாலாபக்கமும் கையை விரித்தவை. அவற்றில் ஏறுபவர், தான் நிற்கும் மரத்திலேயே ஒரு கப்பியைக் கட்டி, வெட்டிய குற்றியைக் கயிற்றில் பிடித்து இறக்குகிறார். கணக்கைச் செய்து பார்ப்போம். 500 கிலோ குற்றி ஒன்று 3 மீற்றர் விழுந்தபின் கயிறு இறுகுகிறது. அடுத்த அரை மீற்றருக்குள் அது ஓய்வுக்கு வருகிறது. மொத்தம் மூன்றரை மீற்றரில் பெற்ற சக்தி முழுவதையும் அரை மீற்றரில் உறிஞ்ச வேண்டும். அதாவது கயிற்றின் சராசரி இழுவை குற்றியின் நிறையைப்போல ஏழு மடங்கு, மூன்றரைத் தொன். கப்பியிலே கயிற்றின் இரு பக்கங்களும் இழுப்பதால் மரத்துக்குப் போவது அதிலும் கூட. அந்த உலுக்கலை வாங்கும் மரத்தில்தான் மனிதரும் கட்டப்பட்டிருக்கிறார்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். லொறியின் முதுகில், முழங்கைபோல மடிந்து விரியும் ஐதரோலிக் கை. ஒஸ்திரியாவின் பல்பிங்கர், இத்தாலியின் ஃபாஸி, எஃபர் போன்றவை இவ்வகைப் பாரந்தூக்கிகளுக்குப் பெயர்போனவை. கையின் நுனியில், சுழலும் மூட்டொன்றின் கீழ், நண்டின் கொடுக்குப் போன்ற கவ்வி. இதைத்தான் இங்கே ‘கிராப்பிள்’ என்கிறார்கள். கவ்வியோடு ஒரு சங்கிலிவாளும் பூட்டப்பட்டிருக்கும். கொடுக்கு மரத்தை இறுகப் பிடித்ததும், உறையிலிருந்து வாள் விசிறிபோல் வெளியே வந்து, பிடித்த இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டுகிறது. வெட்டிய குற்றி விழுவதில்லை. பிடித்தபடியே வீட்டைச் சுற்றிக் கொண்டுவந்து வீதியோரத்தில் வளர்த்தலாம். ஐதரோலிக் குழாய் வெடித்தாலும் கொடுக்கு திறந்துவிடாதபடி அழுத்தத்தைப் பூட்டிவைக்கும் வால்வு உண்டு. இயக்குபவர் நிலத்தில் நின்று, இடுப்பில் கட்டிய வானொலிக் கட்டுப்பாட்டுப் பெட்டியால் இவ்வளவையும் செய்கிறார். மரத்தில் ஆளில்லை. மூலம் நோர்டிக் நாடுகளின் காட்டுத்தொழில். அங்கே குற்றி ஏற்றவும் மரம் வீழ்த்தவும் பிறந்த கருவி, நகரத்து வீட்டு வளவுக்கு வந்திருக்கிறது.

பார்ப்பவர்களுக்கு விளையாட்டுப் பொம்மைபோல் தெரியும் இந்த வேலையில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. அதை இயந்திரம் விற்பவர்களைவிடத் தொழிற்சாலையில் பாரம் தூக்குபவர்கள் விரைவில் புரிந்துகொள்வார்கள். எங்கள் தளத்தில் ஒரு வார்ப்பைத் தூக்குவதென்றால் முதலில் இரண்டு அங்குலம் மட்டும் உயர்த்துவோம். சங்கிலி எப்படி இழுக்கிறது, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்போம். சரியில்லையென்றால் இறக்கி வைத்துவிடலாம். மரத்தில் இந்தச் சலுகை கிடையாது. கடைசி நார் அறும்வரை குற்றியை மரம்தான் தாங்குகிறது. அறுந்த கணத்தில் முழுப் பாரமும் பாரந்தூக்கியின் கைக்கு வந்துவிடுகிறது. எல்லை தாண்டினால் நிறுத்தும் கணினி இந்த இயந்திரங்களில் இருக்கிறது, உண்மை. பாரத்தை மேலும் வெளியே கொண்டுபோகும் அசைவுகளை அது தடுத்துவிடும். ஆனால் வெட்டிய குற்றியை மீண்டும் மரத்தில் ஒட்டவைக்க எந்தக் கணினியாலும் முடியாது. ஆகவே நிறையை வெட்டுவதற்கு முன்னரே அறிய வேண்டும். இந்தத் தொழிலின் முழு அறிவும் இந்த ஒரு முன்னறிவில்தான் இருக்கிறது.

எப்படி அறிவது? 60 சென்ரிமீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீளமுமான குற்றியின் கனவளவு ஏறத்தாழ 0.57 கனமீற்றர். பச்சை மேப்பிளின் அடர்த்தியைக் கனமீற்றருக்கு 900 கிலோ என்று கொண்டால், 500 கிலோவுக்குச் சற்று மேல். விட்டம் இங்கே வர்க்கத்தில் வருகிறது என்பதுதான் ஏமாற்றும் இடம். கீழிருந்து அண்ணாந்து பார்த்து 60 என்று மதித்தது உண்மையில் 70 ஆக இருந்தால், நிறை மூன்றிலொன்றுக்கு மேல் கூடிவிடும். கொப்பும் இலையும் உள்ள துண்டுக்குச் சூத்திரமே இல்லை. அதனால் நல்ல இயக்குநர் முதல் வெட்டைச் சிறிதாக வெட்டி, தூக்கியபின் கருவி காட்டும் அளவைத் தன் மதிப்போடு ஒப்பிட்டுக்கொண்டே கீழிறங்குவார். பிடிக்கும் இடமும் முக்கியம். துண்டின் புவியீர்ப்பு மையத்துக்கு மேலே பிடித்தால் அது அமைதியாகத் தொங்கும். கீழே பிடித்தால் தலைப்பாரம் கவிழ்ந்து கவ்வியையும் கையையும் முறுக்கும்.

அடுத்தது தூரம். பாடசாலையில் படித்த திருப்பம்தான். 20 தொன்-மீற்றர் என்று மதிப்பிட்ட பாரந்தூக்கி 4 மீற்றரில் 5 தொன் தூக்கலாம். 20 மீற்றரில் ஒரு தொன் மட்டுமே. அந்த ஒரு தொன்னிலும் விரிந்த கையின் சொந்த நிறையும், சில நூறு கிலோ வரும் கவ்வியும் பங்கு கேட்கும். மிச்சம் என்ன என்பதை உற்பத்தியாளரின் அட்டவணைதான் சொல்லும். லொறியை வீட்டுக்கு ஐந்து மீற்றர் கிட்ட நிறுத்த முடியுமா என்பது சிலவேளை வேலை நடக்குமா நடக்காதா என்பதையே தீர்மானித்துவிடும். நிலமும் ஒரு கட்சிக்காரர். ஓர் ஊன்றுகாலில் 10 தொன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரடிச் சதுரப் பாதம் என்றால் அந்த அழுத்தத்தில் பனி இளகிய வசந்தகாலக் களிமண் வழிவிட்டுவிடும்; கீழே ஒரு சதுரமீற்றர் பலகைத்தட்டைப் போட்டால் அழுத்தம் பத்திலொன்றுக்கு அருகில் வந்துவிடும். தட்டுப் போடாமல் ஊன்றுகாலை உங்கள் கல்பதித்த நடைபாதையில் இறக்குபவரை அங்கேயே மறித்துக் கேளுங்கள். மேலே மின்கம்பியையும் பார்க்க வேண்டும். உயரழுத்தக் கம்பிக்குக் குறைந்தது 3 மீற்றர் விலகியிருக்க வேண்டுமென்பது ஒன்ராறியோவின் கட்டட வேலைத்தள விதி. 150,000 வோல்ற்றுக்கு மேலே போனால் அந்தத் தூரமும் கூடும்.

இயந்திரம் தொழிலாளியின் இடத்தைப் பிடுங்குகிறது என்ற வாதத்தை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. கவ்வி லொறி வந்த இடத்தில் இரண்டு மூன்று பேரின் வேலை போகிறது என்பது மெய். அதைப் பற்றிக் கவலைப்படுபவர்களில் நானும் ஒருவன். ஆனால் பட்ட ஆஷின் உச்சியில் தொங்கும் வேலையைக் காப்பாற்ற வேண்டிய வேலை என்று என்னால் சொல்ல முடியாது. வீடுகளின் நடுவே, லொறி நுழையாத பின்வளவுகளில் நிற்கும் உயிருள்ள மரங்களுக்கு ஏறத் தெரிந்தவர் இன்னமும் தேவை. அவருடைய கலைக்கு உரிய கூலியைக் கொடுப்பதே முறை. நான் எதிர்ப்பது மூன்றாவது வகையை. இயந்திரமும் இல்லை, பயிற்சியும் இல்லை, காப்புறுதியும் இல்லை. விலை மட்டும் மலிவு.

எங்கள் தெருவில் எம்மவர் ஒருவரின் வளவில் அப்படியொரு குழு வந்து நின்றது. ஏணியின் கடைசிப் படியில் நின்றபடி ஒற்றைக் கையால் சங்கிலிவாள் பிடித்திருந்த பையனுக்கு இருபது வயது மதிக்கலாம்.

“தம்பி, தலைக்கவசம் இல்லையோ? இடுப்புக் கயிறெண்டாலும் கட்டக் கூடாதோ?” என்றேன்.

“இன்னும் ரெண்டு வெட்டுத்தானே ஐயா. டக்கெண்டு இறங்கிவிடுவன்.”

அகதி வழக்கு இன்னும் முடியாத பையன் என்று பிறகு அறிந்தேன். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அதனால் அடுத்த வீட்டுக்காரரும் அவர்களையே கூப்பிட்டார்.

ஒன்ராறியோவில் மரத்தொழிலுக்குப் பயிற்சியும் சான்றிதழும் உண்டு. ஆனால் மின்வேலைக்குப்போல அது கட்டாயமில்லை. சங்கிலிவாள் வாங்கிய எவரும் மறுநாளே விளம்பரம் ஒட்டலாம். ஆகவே விசாரிக்கும் பொறுப்பு விலை கேட்பவரிடம் வந்து சேர்கிறது. தொழிலாளர் காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் தெளிவுச் சான்றிதழையும் பொறுப்புக் காப்புறுதியையும் காட்டச் சொல்லுங்கள். லொறி எங்கே நிற்கும், அந்த இடத்திலிருந்து மரம் எவ்வளவு தூரம், மிகப் பெரிய துண்டு எவ்வளவு நிறை வருமென்று நினைக்கிறார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு கணம் யோசித்துப் பதில் சொல்பவரையே நான் கூப்பிடுவேன்.

மரம் எல்லையில் நிற்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். எல்லைக்கோட்டில் அடிமரம் வளர்ந்தால் அது இரு வீட்டாருக்கும் பொதுச் சொத்து என்கிறது ஒன்ராறியோவின் வனச் சட்டம். அயலவரின் சம்மதமின்றித் தறிப்பது குற்றம். கதியாலுக்கு வழக்காடிய பரம்பரைக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

கவ்வி அடிக்கட்டையைக் கிளப்பித் தராது; அதை அரைப்பதற்கு வேறு இயந்திரம், வேறு கூலி. முன்கூட்டியே பேசி எழுதி வாங்குவது நல்லது. குற்றிகளை விறகுக்கு வைத்துக்கொள்பவர்கள் அவற்றை வீட்டிலேயே எரித்து முடியுங்கள். கோடையில் கூடாரம் அடிக்கப் போகும்போது வானில் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம். பட்டைக்குள் புழு இன்னும் உயிரோடு இருக்கக்கூடும்.