சிறுநீர் போத்தலை பிரீசரில் வைக்காதீர்கள்

இனிப்பு நீர் உள்ளவர்களிடம் ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீர் கேட்பார்கள். சீனியைப் பார்க்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், அதில் முக்கியமாகத் தேடப்படுவது அல்புமின் என்ற புரதம். சிறுநீரகம் பழுதடையத் தொடங்கும்போது இது மெல்லக் கசியும், வலி இருக்காது.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதனால் இந்தச் சோதனை நமக்குச் சாதாரணமானதல்ல.

தொடக்க நிலையில் ஒரு நாளில் கசிவது 30 முதல் 300 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகை உப்புக்கும் குறைவான அளவு, லிட்டர் கணக்கான நீரில் கரைந்திருக்கிறது. இவ்வளவு நீர்த்த புரதம் எளிதில் கெடும். சூட்டில் கிருமிகள் பெருகும். சிறிதளவு போத்தலின் சுவரிலும் ஒட்டிக்கொள்ளலாம். எனவே கிளினிக்கில் தரும் போத்தலையே பயன்படுத்துங்கள், கழுவிய ஊறுகாய் போத்தல் வேண்டாம்.

"பிரீசரில் வைத்தால் பத்திரம்" என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வீட்டு பிரீசரின் குளிரில், அதாவது மைனஸ் 20 பாகை அளவில், அல்புமினில் ஒரு பகுதி சிதைந்தோ வீழ்படிவாகியோ போகலாம். அப்போது அளவு குறைவாகக் காட்டும். கசிவு இருந்தும் "பரவாயில்லை" என்று முடிவு வந்தால், சிகிச்சை தள்ளிப்போகும். நீண்ட நாள் சேமிக்கும் ஆய்வகங்கள் மைனஸ் 70 பாகை அல்லது அதற்கும் கீழே வைக்கின்றன. வீட்டில் சாதாரண பிரிட்ஜ் போதும். 4 பாகையில் ஒரு வாரம் வரை தாங்கும். பையில் கட்டி, உணவிலிருந்து தள்ளி வையுங்கள்.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரே நல்லது. எடுத்த பின் பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டு, கிள்ளான் தெங்கு கிளானாவில் சாமான் வாங்கி, மதியம்தான் கொடுப்பது என்றால், வெயிலில் நிற்கும் காரில் போத்தலை விடாதீர்கள். முதலில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீர் நீர்த்துவிடும் என்பதால், கிரியேட்டினினோடு ஒப்பிட்டே கணக்கிடுவார்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி, மாதவிடாய் ஆகியவை அளவைக் கூட்டிக் காட்டும். இருந்தால் முன்பே சொல்லுங்கள். ஒரு முறை அதிகமாக வந்தால் பதற வேண்டாம். 3 முதல் 6 மாதங்களில் எடுத்த மூன்று சோதனைகளில் இரண்டில் அப்படியே வந்தால்தான் உறுதி. கசிவைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன.

போத்தலில் பெயரோடு, எடுத்த நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்.