காகிதத்தில் இல்லாதது கைநழுவிப் போகும்!
ஆண்டு முடிவதற்குள் செய்ய வேண்டிய ஐந்து சிறு காரியங்கள்

2013-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் கெடா மாநிலத்திலிருந்து வந்த ஒரு செய்தி நாடு முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தது. பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து பகுதியில் இருந்த 11-ஆம் எண் சண்டி, மேம்பாட்டுப் பணிக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டிருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது என்று சொல்லப்பட்ட கோயில் அது. எப்படி நடந்தது என்று கேட்டபோது வந்த பதில்தான் இன்னும் வேதனையானது. நிலம் தனியாருக்குச் சொந்தம். அந்த இடம் பாரம்பரியச் சின்னமாக அரசாங்கப் பதிவில் அறிவிக்கப்படவில்லை.

கோயில் இருந்தது, ஆனால் அதற்குரிய காகிதம் இல்லை. அதனால் கோயிலும் இல்லாமல் போனது.

இந்தக் கதை கோயிலுக்கு மட்டும் உரியதா? கெடா தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுச் சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங் தாமான்களில் குடியேறிய வீடுகளிலும் இதே கதை சின்ன அளவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உழைத்த பணம் இருக்கும். அதற்கு வாரிசு நியமனம் இருக்காது. பிள்ளை இருக்கும், பத்திரம் சரியாக இருக்காது. பாட்டியின் நெஞ்சில் ஒரு வரலாறே இருக்கும்; அதை எழுதி வைத்தவர் யாரும் இருக்க மாட்டார்.

புத்தாண்டுத் தீர்மானங்கள் பெரும்பாலும் பொங்கல் வரைக்கும் தாங்குவதில்லை. அவற்றைவிட, ஆண்டு முடிவதற்குள் முடித்துவிடக்கூடிய சில சிறு காரியங்கள் அதிகப் பலன் தரும். பெரிய செலவு இல்லை. ஓரிரு நாள் விடுப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

1. பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள்

நம்மவர் வீடுகளில் முக்கியப் பத்திரங்கள் இருக்கும் இடம் பெரும்பாலும் ஒரு பழைய பிஸ்கட் டின் அல்லது அலமாரித் துணிகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதை ஒரு நாள் மாலை எல்லாரும் உட்கார்ந்து திறந்து பார்ப்பது முதல் காரியம்.

கவனிக்க வேண்டியது பெயர்கள். அந்தக் காலத்தில் கிராணியோ பதிவு அதிகாரியோ காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே தகப்பனாரின் பெயர் மூத்தவரின் பத்திரத்தில் சுப்ரமணியம் என்றும், இளையவரின் பத்திரத்தில் சுப்பிரமணியன் என்றும் வெவ்வேறு ரோமன் எழுத்துகளில் இருக்கும். இது சாதாரண நாளில் தெரியாது. தகப்பனார் இறந்து, சொத்துக்கோ சேமநிதிக்கோ உரிமை கோரும்போதுதான் "இருவரும் ஒருவர்தானா?" என்ற கேள்வி எழும். அவர் உயிரோடு இருக்கும்போதே தேசியப் பதிவிலாகாவில் விசாரித்துக்கொள்வது எளிது. அவர் போன பிறகு சத்தியப் பிரமாணம், சாட்சி என்று அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது பிள்ளைகள். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாள்களுக்குள் பிறப்பைப் பதிந்தாக வேண்டும். 12 வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும். 18 வயதில் அதை மாற்ற வேண்டும். இவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஆனாலும் தவறிப்போகிறவர்கள் உண்டு. இந்தியர்களிடையே இந்தச் சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதற்கு, 2011-இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் தனிப் பதிவு இயக்கமே நடத்த வேண்டி வந்தது சான்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோயிலில் தாலி கட்டிவிட்டால் திருமணம் முடிந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச் முதல் தேதிக்குப் பிறகு முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் சட்டப்படி பதியப்பட வேண்டும். பதியாத திருமணத்தில் பிறக்கும் குழந்தை குடியுரிமையில் தாயைச் சார்ந்தே நிற்கும். தாயிடம் குடியுரிமை இல்லையென்றால், தகப்பன் நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பிள்ளை நாடற்றதாக நிற்கக்கூடும். பெற்றோர் பதியாமல் விட்ட ஒரு கையெழுத்து, பள்ளி வாசலிலும் மருத்துவமனையிலும் அந்தப் பிள்ளையைத் துரத்தும்.

கெடாவில் ஒரு வசதி உண்டு. இங்கே வாராந்திர விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அரசாங்க அலுவலகங்கள் திறந்திருக்கும். ஞாயிறு ஓய்வு கிடைக்கும் தொழிற்சாலை ஊழியர்கள் சம்பளத்தை இழக்காமலே இந்த வேலையை முடிக்கலாம்.

2. சேமநிதியில் யார் பெயர்?

ஊழியர் சேமநிதி 1951-இல் தொடங்கப்பட்டது. பால்வெட்டு முதல் தொழிற்சாலை வரை உழைத்த பலருக்கு வாழ்நாளின் ஒரே பெரிய சேமிப்பு அதுதான். அந்தப் பணத்துக்கு வாரிசாக யார் பெயரை எழுதியிருக்கிறோம் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பல இளைஞர்கள் அம்மாவின் பெயரைக் கொடுக்கிறார்கள். பிறகு திருமணம் ஆகிறது, பிள்ளைகள் பிறக்கிறார்கள், அம்மா காலமாகிறார். ஆனால் நியமனத்தை மட்டும் யாரும் மாற்றுவதில்லை. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் இறந்தால், வாரிசாகப் பெயர் குறிக்கப்பட்டவரே அந்தப் பணத்துக்கு உரியவர். நியமனமே இல்லையென்றாலோ, நியமிக்கப்பட்டவர் முன்பே இறந்திருந்தாலோ, குடும்பம் பல பத்திரங்களைத் திரட்ட வேண்டும். தொகை பெரிதானால் நிர்வாக உரிமைக் கடிதமும் தேவைப்படும். துக்க வீட்டில் அரிசிக்கும் வாடகைக்கும் பணம் தேவைப்படும் நேரத்தில் இந்த அலைச்சல்!

"உயில் எழுதிவிட்டேன், அதில் சேமநிதியும் அடங்கிவிடும்" என்று நினைப்பதும் தவறு. சேமநிதி நியமனத்தை உயிலால் மாற்ற முடியாது. இரண்டும் தனித்தனி. அடையாள அட்டையோடு சேமநிதி அலுவலகத்துக்குப் போனால் நியமனத்தைப் புதுப்பித்துவிடலாம். ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்கு விழுக்காடு பிரித்தும் எழுதலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு வேலை: உரிமை கோரப்படாத பணம். மறந்துபோன வங்கிக் கணக்கு, வாங்காமல் விட்ட சம்பளப் பாக்கி, முதிர்ந்த காப்புறுதித் தொகை முதலியவை குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அரசாங்கத்தின் தலைமைக் கணக்காளர் துறையிடம் போய்ச் சேர்கின்றன. 'இகுமிஸ்' என்ற அதன் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். தாத்தா, பாட்டிக்கு இது தெரியாது. கைப்பேசியை ஓயாமல் தட்டும் பேரப்பிள்ளை தேடித் தரலாமே!

3. மலிவு விலை வீட்டுக்கும் உயில் வேண்டும்

"உயில் எல்லாம் பணக்காரர்களுக்கு, நமக்கு இருப்பது ஒரு மலிவு விலை வீடு" என்பது பலரின் எண்ணம். ஆனால் ஒரே வீடு இருக்கும் குடும்பத்தில்தான் சண்டை அதிகம். பத்து வீடு இருந்தால் பிரித்துக்கொள்ளலாம். ஒரு வீட்டை எப்படி வெட்டுவது?

உயில் இல்லாமல் இறந்துவிட்டால் 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் கணக்குப் போடும். ஒருவர் மனைவி, பிள்ளைகள், வயதான தாயார் ஆகியோரை விட்டுவிட்டு இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாயாருக்கு நான்கில் ஒரு பங்கு, மனைவிக்கு நான்கில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. 120,000 ரிங்கிட் பெறுமதியுள்ள வீடு என்றால் தாயாருக்கும் மனைவிக்கும் ஆளுக்கு 30,000, பிள்ளைகளுக்கு 60,000. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. "வீடு எப்படியும் என் மனைவிக்குத்தானே" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

18 வயது நிரம்பிய, தெளிந்த மனமுடைய எவரும் உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்கக் கையெழுத்திட வேண்டும். சொத்தில் பங்கு பெறுபவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சியாக இருக்கக்கூடாது. இருந்தால் அந்தப் பங்கை இழப்பார். உயில் எழுதிய பிறகு திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் செல்லாது. இந்த விதிகள் தெரியாமல் எழுதிய உயில், எழுதாத உயிலுக்குச் சமம்.

4. பாட்டியின் பக்கத்தில் ஒரு மணி நேரம்

இந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலாளர்களை உதவியுடன் அனுப்பும் முறையை இந்திய அரசு 1938-இல் நிறுத்திவிட்டது. ஆகவே கப்பலேறி வந்த முதல் தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்கள் சொன்னதைக் காதால் கேட்டவர்கள்தான் இன்று 80 வயதைத் தாண்டி ஈஸி சேரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கெடா மண்ணில் அவர்கள் குடும்பங்கள் பார்த்தது கொஞ்சமா? 1941 டிசம்பரில் ஜப்பானியர் ஜித்ராவில் ஆங்கிலேயப் படையை முறியடித்தார்கள். 1943 அக்டோபரில் கெடா சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. வெள்ளைக்காரன், ஜப்பான்காரன், சயாம்காரன், பிறகு மீண்டும் வெள்ளைக்காரன் என்று நான்கே ஆண்டுகளில் இத்தனை ஆட்சி! 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். திரும்பாதவர்கள் பலர். பெயர்ப் பலகைகூட இல்லாமல் போனவர்கள் அவர்கள்.

போருக்குப் பிறகு, 1946-இல் பீடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தொழிலாளியின் கூலியைக் குடித்துக்கொண்டிருந்த கள்ளுக்கடைகளை எதிர்த்தது. 1947-இல் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு, டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடும் உயிர்ப்பலியும் நடந்தன. இன்று அந்தச் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் போகும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆண்டு இறுதியில் ஒரு மணி நேரம் பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிடுங்கள். "பழைய கதை சொல்லுங்க பாட்டி" என்றால் அவர் சிரித்துவிட்டு, "என்னத்தச் சொல்ல" என்பார். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்? லயத்தில் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்? முதல் சம்பளம் எவ்வளவு? சயாமுக்குப் போனவர் யார், வந்தவர் யார்? தோட்டத்து மாரியம்மன் கோயிலை யார் கட்டினார்கள்? இப்படிக் கேட்டால் கதை தானாக வரும்.

பழைய நாட்காட்டியைக் குப்பையில் போடுவதற்கு முன் அதன் பெரிய அட்டையைத் திருப்பி, வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தில் குடும்ப மரத்தை வரையுங்கள். பிள்ளைகள் வரையட்டும், பாட்டி திருத்தட்டும்.

5. ஒரு நாள் பயணம்

கடைசிக் காரியம் மனத்துக்கு இதமானது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம். சுங்கை பட்டாணியிலிருந்து அதிக தூரம் இல்லை. ஜெராய் மலையடிவாரத்தில் ஓடும் நீரின் பக்கத்தில் புக்கிட் பத்து பஹாட் சண்டி நிற்கிறது. இராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025-இல் வந்து தாக்கிய கடாரம் இந்த வட்டாரம்தான் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. அந்தக் கற்களின் முன் நின்று கேட்பது வேறு.

திரும்பும் வழியில், குடும்பம் முன்பு வாழ்ந்த தோட்டத்துக்கும் ஒரு நடை போய் வரலாம். லயம் இடிந்திருக்கலாம், ரப்பர் போய்ச் செம்பனை வந்திருக்கலாம். கோயில் இருந்தால் ஒரு சூடம் கொளுத்துங்கள். அங்கே இன்னும் இருக்கும் ஒரு பழைய அண்டை வீட்டாரை நலம் விசாரியுங்கள். நான்கு படம் எடுத்து, இடத்தின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அந்த இடம் அப்படியே இருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

சுங்கை பத்துவில் இடிந்த அந்தக் கோயிலை இனி யாராலும் பழையபடி கொண்டுவர முடியாது. ஆனால் பிஸ்கட் டின் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. பாட்டி இன்னும் ஈஸி சேரில்தான் இருக்கிறார். டிசம்பர் 31-க்கு இன்னும் நாள் இருக்கிறது. ஐந்தையும் செய்ய முடியாவிட்டால் ஒன்றையாவது செய்யலாமே!