பழைய மோட்டார் சைக்கிளும் புதிய ரயரின் அளவும்

ஓர் இயந்திரம் முதுமையடைதல் என்பது அதன் உறுப்புக்கள் தேய்தல் மாத்திரமன்று; அதனை அமைத்தோர் கையாண்ட அளவுமுறை வழக்கொழிதலும் முதுமையின் ஒரு கூறேயாம். பல்லாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களைப் பேணுவோர், புதிய ரயர் வாங்கப் புகும்போது இதனை நன்கு உணர்வர். வண்டியின் கைந்நூலில் ஓரெண் இருக்கும். கடையிலுள்ள ரயரிற் பிறிதோரெண் இருக்கும். இவ்விரண்டையும் ஒப்பிடும் முறையை அறியாதார், விற்பவர் சொல்லையோ தம் கண்ணின் மதிப்பையோ நம்பி ஒன்றைத் தெரிந்து கொள்வர். ஓடும் வண்டி தரையைத் தொடும் இடமோ ஒவ்வொரு சில்லிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவே. ஓட்டுபவர், பின்னிருப்பவர் ஆகிய இருவரின் உயிரும் அச்சிற்றிடத்திற் தங்கியிருத்தலின், அவ்வளவுமுறையை அறிந்துகொள்ளுதல் வீண்முயற்சியாகாது.

1969ஆம் ஆண்டில் யப்பானிலிருந்து விற்பனைக்கு வந்த ஹொண்டா சி.பி. 750 என்னும் வண்டியை இங்கு உதாரணமாகக் கொள்ளலாம். அதன் முற்சில்லுக்கு 3.25–19, பிற்சில்லுக்கு 4.00–18 என ரயர் அளவுகள் விதிக்கப்பட்டிருந்தன. முதலெண் ரயரின் அகலத்தையும், இரண்டாமெண் அது பொருந்தும் றிம்மின் விட்டத்தையும் அங்குலத்திற் குறிப்பன. றிம்மிலிருந்து தரைவரையுள்ள ரயரின் உயரம் ஈண்டுக் கூறப்படவில்லை. அக்காலத்து ரயர்களின் உயரம் அகலத்தை ஏறத்தாழ ஒத்திருந்தமையால், அதனைத் தனியே கூறும் அவசியம் நேர்ந்திலது.

பிற்காலத்தில் உயரங் குறைந்த ரயர்கள் பெருகியபோது அம்முறை போதாதாயிற்று. எனவே 90/90–19 போன்ற குறியீடுகள் வழக்கில் வந்தன. இதில் முதலெண் அகலத்தை மில்லிமீற்றரிற் குறிக்கும். இரண்டாமெண், அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை வீதம் உயரம் என்பதைக் காட்டும். மூன்றாமெண் முன்போலவே றிம்மின் விட்டத்தை அங்குலத்திற் கூறும். ஒரே குறியீட்டில் இருவகை அளவைகள் கலந்திருத்தல் விந்தையே. ஆயினும் உலக வழக்கு அதுவாகவே நிலைத்துவிட்டது.

அங்குல அளவில் அதே ரயர் கிடைக்குமாயின் அதனை வாங்குதலே நேர்வழி. கிடையாதவிடத்து மாற்றளவு காணவேண்டும். 3.25 அங்குலம் என்பது 82.55 மில்லிமீற்றர். ஆதலின் 80/90–19 என்னும் ரயரே பொருந்துமென முதற் பார்வையில் எண்ணத் தோன்றும். இது பிழை. 80இல் நூற்றுக்கு 90 வீதம் 72 மில்லிமீற்றரே. பழைய ரயரின் உயரமோ ஏறத்தாழ 82 மில்லிமீற்றர். இவ்வாறு இட்டாற் சில்லின் முழுவிட்டம் 21 மில்லிமீற்றர் குறைந்துபோம். 90/90–19 என்பதன் உயரம் 81 மில்லிமீற்றராதலின், விட்டத்தில் 3 மில்லிமீற்றர் வேறுபாடே உண்டாகும். இவ்வாறே பிற்சில்லின் 4.00 அங்குலம் 101.6 மில்லிமீற்றராக, 110/90–18 என்பதன் உயரம் 99 மில்லிமீற்றராகி அதனை அணுகி நிற்கும். அன்றியும், அங்குல ரயர்கள் காற்றடைத்தபின் தம் பெயரளவினுஞ் சற்று அகன்றே காணப்படும். ஆகவே உயரத்தை ஒப்பிட்டுப் பெற்ற விடை அகலத்துக்கும் இயைவதாகின்றது. ரயர் செய்வோர் வெளியிடும் ஒப்பீட்டு அட்டவணைகள் பலவும் இம்முடிபையே தருவன.

இனி, பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. ரயர் அகன்றதாயிற் பிடிப்பு மிகும் என்பது பொதுவான நம்பிக்கை. அதனால் மேற்கூறிய வண்டியின் முற்சில்லுக்கு 100/90–19 ரயரை இடுவோர் உளர். விட்டம் ஒத்திருத்தலின் அது றிம்மில் ஏறவுஞ் செய்யும். ஆனால் ஏறுதல் வேறு, பொருந்துதல் வேறு. றிம்முக்கு விட்டம் மாத்திரமன்றி அகலமும் உண்டு. அஃது இருபுறத்து ஓரங்களின் உட்பக்கங்களுக்கிடையே அளக்கப்படுவது. அவ்வண்டியின் முன் றிம்மின் அகலம் 1.85 அங்குலம். 90/90 ரயருக்கு அது போதுமானது. 100/90 ரயருக்கோ 2.15 முதல் 2.75 அங்குலம் வரையுள்ள றிம்களே பொதுவாக விதிக்கப்படுகின்றன. ஒடுங்கிய றிம்மில் அகன்ற ரயரை இட்டால், அதன் ஓரங்கள் உள்நோக்கி நெருக்குண்டு, நடுப்பகுதி கூரைமுகடுபோல உயரும். நேரே செல்லுகையில் தரையைத் தொடும் பரப்பு ஒடுங்கும். வளைவிற் சாய்கையிற் பக்கச்சுவர்கள் அசைந்து வண்டியைத் தள்ளாடச் செய்யும். மிகுதியை விரும்பியவர் குறைவையே பெறுகின்றார். பின் றிம் 2.15 அங்குலமாதலின் 110/90 அதில் முறைப்படி பொருந்தும். பழைய பிரித்தானிய வண்டிகளின் றிம்களில் டபிள்யூ.எம். 1, 2, 3 எனப் பொறிக்கப்பட்டிருத்தல் உண்டு. அவை முறையே 1.60, 1.85, 2.15 அங்குல அகலங்களைக் குறிப்பன.

அளவு மாறுவதால் வேறு விளைவுகளும் உண்டாம். சி.பி. 750இல் வேகமானி முற்சில்லினால் இயக்கப்படுவது. 90/90க்குப் பதிலாக 100/90 இடப்படின் விட்டம் 18 மில்லிமீற்றர் கூடும். வேகமானி மணிக்கு 100 கிலோமீற்றர் எனக் காட்டும்போது வண்டி ஏறத்தாழ 103 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். பிற்சில்லில் ரயர் பெருத்தாற் சங்கிலி, மட்காட், சில்லைத் தாங்கும் கவை ஆகியவற்றில் உரசுதல் கூடும். வேகத்தில் ரயர் சிறிது விரியுமாதலால், நிற்கும்போது மயிரிழை இடைவெளி இருத்தல் போதாது.

அளவுக்குப் பின் 52எச் போன்ற ஒரு குறியும் ரயரிற் காணப்படும். 52 என்பது அந்த ரயர் 200 கிலோகிராம் சுமை தாங்குமெனவும், எச் என்னும் எழுத்து மணிக்கு 210 கிலோமீற்றர் வரை அதற்கு ஏற்புடைத்தெனவும் உணர்த்தும். பழைய ரயர்களில் அவ்வெழுத்து 3.25எச்19 என அளவின் நடுவே நின்றது. வண்டி செய்தோர் விதித்ததிற் குறைந்த குறியுடைய ரயர், அளவாற் பொருந்தினும் கொள்ளத்தக்கதன்று.

கம்பிகள் பூட்டிய றிம்மிற் கம்பித்துளைகளின் வழியே காற்று வெளியேறுமாதலின் ரியூப் இன்றியமையாதது. அதுவும் புதிய ரயரின் அளவுக்குரியதாய் இருத்தல் வேண்டும். முன்னொன்று றேடியல் அமைப்பும் பின்னொன்று பழைய குறுக்கிழை அமைப்புமாக, செய்தோரின் அனுமதியின்றிக் கலந்திடுதலுந் தகாது. 2000ஆம் ஆண்டு முதற் செய்யப்பட்ட ரயர்களிற் காணப்படும் நான்கிலக்கத் திகதிக்குறியையும் நோக்குதல் வேண்டும். 2319 என்றிருப்பின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டதென்பது பொருள். மூன்றிலக்கமே இருப்பின் அது 2000க்கு முற்பட்டது. கொட்டகையில் நெடுங்காலம் நின்ற வண்டியின் ரயர் தேயாதிருக்கலாம்; ஆயினும் அதன் இறப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும்.

ஆகவே, ரயர் வாங்குமுன் கைந்நூலின் அளவை நோக்குக; றிம்மின் அகலத்தை அளந்தறிக; உயரத்தைக் கணித்து ஒப்பிடுக; சுமையும் வேகமும் போதியனவா என ஆராய்க; இறுதியாக இடைவெளியைச் சோதிக்க. இவற்றுக்கு வேண்டுவன பெருக்கலும் கூட்டலுமன்றி வேறல்ல. கீழ்வகுப்பிற் கற்ற கணிதம் பரீட்சையோடு முடிந்துவிடுவதன்று. தெருவில் ஒருவரை வீழாது காத்தற்கும் அதுவே பயன்படுகின்றது.