தீயும் வரியும்

நுழையும்முன்

தீ ஒருவர் வீட்டில் தோன்றினாலும் அவர் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. அதனால், தீயணைப்பு என்பது தனிமனிதர் விலைகொடுத்துப் பெறும் சேவையா, ஊரார் கூடிச் செய்துகொள்ளும் ஏற்பாடா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு அமெரிக்காவின் இரு கவுண்டிகளில் கிடைத்த விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

காத்திருப்புக்கு ஆகும் செலவு

சிற்றூர் ஒன்றின் தீயணைப்பு ஊர்தி ஆண்டின் பெரும்பகுதி நிலையத்திலேயே நிற்கிறது. வீரர்கள் பயிற்சி செய்கின்றனர், குழாய்களைச் சரிபார்க்கின்றனர், அழைப்புக்காகக் காத்திருக்கின்றனர். மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இது வீண்செலவாகத் தோன்றும். உண்மையில், அந்தக் காத்திருப்பே அவர்தம் தலையாய பணியாகும். தீப்பற்றிய பிறகு ஊர்தி வாங்கவோ, ஆள் திரட்டிப் பயிற்சியளிக்கவோ இயலாது. தீயணைப்புக்கான செலவில் பெரும்பங்கு தீ எரியாத நாள்களுக்கே ஆகிறது. அச்செலவை யார் ஏற்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தோல் வாளி முதல் பொதுநிதி வரை

1736ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளினும் அவருடைய நண்பர்களும் 'யூனியன்' தீயணைப்புக் குழுவைத் தொடங்கினர். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், பொருள்களை அள்ளிச்செல்லப் பைகளையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது அக்குழுவின் விதி. உழைப்பே அங்குச் செலுத்தப்பட்ட கட்டணம்.

இலண்டனில் வேறுமுறை நிலவியது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் தோன்றிய காப்பீட்டு நிறுவனங்கள் தத்தமக்கெனத் தீயணைப்புப் படைகளை வைத்துக்கொண்டன. 1833இல் அவற்றுள் பல ஒன்றாக இணைந்தன. 1861இல் தேம்சு ஆற்றங்கரைக் கிடங்குகளில் மூண்ட தூலி தெருத் தீ பேரிழப்பை உண்டாக்கியது. மாநகரைக் காக்கும் பொறுப்பை இனித் தாங்கள் மட்டும் சுமக்க இயலாது என்று அந்நிறுவனங்கள் அரசிடம் முறையிட்டன. 1865இல் இயற்றப்பட்ட சட்டம் தீயணைப்பைப் பொதுத்துறையாக்கியது. கட்டட வரி, காப்பீட்டு நிறுவனங்களின் பங்களிப்பு, அரசின் நிதி ஆகிய மூன்றும் அதற்கு வருவாயாக அமைந்தன. இலாபநோக்கில் இயங்கிய நிறுவனங்களே இப்பணியைப் பொதுநிதியிடம் ஒப்படைக்க விரும்பியது குறிப்பிடத்தக்கது.

கவுண்டியும் தீயணைப்பும்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிலையிலுள்ள ஆட்சிப்பகுதி கவுண்டி எனப்படுகிறது. இதனை நம் மாவட்டத்தோடு ஒருவாறு ஒப்பிடலாம். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் அதனை நிருவகிக்கிறது. அந்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. ஒரு கவுண்டியின் எல்லைக்குள் தன்னாட்சி பெற்ற நகரங்களும், எந்நகரத்திலும் சேராத ஊர்ப்புறங்களும் அடங்கியிருக்கும். நகரங்கள் பெரும்பாலும் தம் வரிப்பணத்தில் தீயணைப்புத் துறையை நடத்திக்கொள்கின்றன. ஊர்ப்புறங்களைக் காப்பது யார் என்பதற்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை.

சில இடங்களில் கவுண்டியே தனித்துறை ஒன்றை நடத்துகிறது. சில இடங்களில் தீயணைப்புக்கென்றே தனி மண்டலம் வகுக்கப்பட்டு, அம்மண்டலத்துச் சொத்துகளின்மீது வரி விதிக்கப்படுகிறது. வேறு சில இடங்களில் தன்னார்வலர் குழுக்கள் நன்கொடையாலும் அரசு உதவியாலும் இயங்குகின்றன. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களுள் ஏறத்தாழ மூன்றில் இருவர் தன்னார்வலர்களே. இவையன்றி, அருகிலுள்ள நகரத்தின் சேவையை ஆண்டுச் சந்தா செலுத்திப் பெறும் முறையும் உண்டு.

வரி வழியே வந்த விடை

கலிபோர்னியா மாநிலத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி ஒருங்கிணைந்த தீயணைப்பு மண்டலம் ஒன்றை நடத்துகிறது. ஊர்ப்புறங்களோடு ஏறக்குறைய அறுபது நகரங்களும் அதன் பாதுகாப்பில் உள்ளன. லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகர் உள்ளிட்ட வேறு சில நகரங்களுக்குத் தனித்துறை இருக்கிறது. கவுண்டித் துறையின் வருவாயில் பெரும்பங்கு சொத்துவரியிலிருந்து கிடைக்கிறது. அது போதாத நிலையில், கட்டடப் பரப்பின் சதுர அடிக்கு 6 சென்ட் வீதம் கூடுதல் வரி விதிக்கும் திட்டம் 2024 நவம்பரில் வாக்காளர்முன் வைக்கப்பட்டது. பெரும்பான்மையோர் அதனை ஏற்றனர். இதன்படி 1,500 சதுர அடி வீட்டுக்கு ஆண்டுக்கு 90 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். செலுத்துவோர் பெரும்பாலோரின் வீடு ஒருநாளும் தீப்பற்றாது. ஆயினும் யார் வீடு தீப்பற்றும் என்பதை எவரும் முன்னரே அறியார்.

சந்தா வழியே வந்த விடை

டென்னசி மாநிலத்தின் ஒபையன் கவுண்டியில் முழுப்பகுதிக்குமான தீயணைப்புத் துறை இருக்கவில்லை. சவுத் ஃபுல்டன் என்னும் சிறுநகரம், தன் எல்லைக்கு வெளியே வாழ்வோருக்கு ஆண்டுக்கு 75 டாலர் சந்தாவில் தீயணைப்புச் சேவை அளித்துவந்தது. சேர்வதும் சேராதிருப்பதும் அவரவர் விருப்பம்.

2010 செப்டம்பரில், சந்தா செலுத்தாத குடும்பம் ஒன்றின் வீட்டருகே குப்பை எரித்த பீப்பாயிலிருந்து தீ பரவியது. உதவி கேட்டு அழைத்தபோது, பெயர் பட்டியலில் இல்லை என்ற விடையே கிடைத்தது. எவ்வளவு செலவானாலும் தருவதாக வீட்டுக்காரர் கூறியும் பயனில்லை. சந்தா செலுத்திய அண்டைவீட்டாரின் நிலத்தைத் தீ தொட்டபோது ஊர்தி வந்தது. வீரர்கள் அந்நிலத்தைக் காத்தனர். எரியும் வீட்டை அணைக்கவில்லை. வீடு முற்றும் எரிந்தது. வளர்ப்பு விலங்குகளும் மடிந்தன. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கமே இந்நடைமுறையைக் கண்டித்தது.

இரு பக்க நியாயம்

நகர நிருவாகம் கூறிய காரணத்தையும் கருதிப் பார்க்க வேண்டும். தீப்பற்றிய பின் பணம் தந்தால் போதும் என்றால், முன்கூட்டிச் சந்தா செலுத்த எவரும் முன்வரமாட்டார். சந்தா இல்லையேல் ஊர்தியும் வீரரும் இல்லை, அனைவரும் காப்பிழப்பர். இவ்வாதத்தில் பொருளியல் உண்மை இருக்கிறது. எனினும், நீரும் ஆளும் கண்முன் இருக்க, ஒரு குடும்பத்தின் வீடு சாம்பலாவதைப் பார்த்து நிற்பது மனிதப் பண்புக்கு ஒவ்வாதது. இரக்கப்பட்டால் ஏற்பாடு குலையும். ஏற்பாட்டைக் காத்தால் இரக்கம் குலையும். தனிநபர் சந்தாமுறை வீரர்களை நிறுத்திய இக்கட்டு இதுவே.

2012இல் சவுத் ஃபுல்டன் தன் விதியைத் தளர்த்தியது. சந்தா செலுத்தாதோர் வீட்டுத் தீயும் அணைக்கப்படும். ஆனால் அதற்கு 3,500 டாலர் கட்டணம் பெறப்படும் என முடிவு செய்தது. பார்த்து நிற்கும் கொடுமை இதனால் நீங்கியது. ஆனால், வீடிழந்து நிற்பவரிடம் அத்தொகையைத் தண்டுவது எளிதன்று.

பொதுவரி இவ்விக்கட்டு நேராமலே தடுக்கிறது. தீ தோன்றுவதற்கு முன்பே, அனைவரிடமும், அவரவர் சொத்தின் அளவையொட்டி அது பெறப்படுகிறது. எனவே, அழைப்பு மணி ஒலிக்கும்போது வீரர் கேட்கவேண்டிய வினா ஒன்றே ஒன்றுதான்: தீ எங்கே? வரி கூடுதலாகும்போது மக்கள் முணுமுணுப்பதும், வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பதும் இயல்பு. மக்களாட்சியில் அது அவர்தம் உரிமை. ஒபையன் கவுண்டியில் 75 டாலர் செலுத்தியவர் தம் நிலத்தைக் காத்துக்கொண்டார். ஆனால் அவர் நிலத்தைத் தொட்ட தீ, காக்கப்படாத வீட்டிலிருந்தே வந்தது. பக்கத்து வீட்டைக் காப்பதும் தன் வீட்டைக் காப்பதேயாகும்.