ஆண்மை என்பது அடக்குவதா? தாங்குவதா?



ஆரணிப் பட்டுச் சேலையை அறியாதவர் தமிழகத்தில் குறைவு. ஆனால் அது உருவாகும் விதம், நெசவாளர் இல்லங்களுக்குள் சென்று பார்த்தவர்களுக்கே தெரியும். கணவர் தறிக்குழியில் அமர்ந்து, மிதியை மிதித்து நாடாவை ஓட்டுகிறார். மனைவி தார் சுற்றுகிறார். அறுந்த இழையைப் பிணைக்கிறார். பல வீடுகளில் தறியிலும் அமர்கிறார். இருவரின் உழைப்பும் சேர்ந்தால்தான் சேலை.

தறி நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. பாவை அளவுக்கு மீறி இறுக்கினால் இழை அறுந்துவிடும். தளர விட்டாலோ ஊடை சரியாகப் படியாது. நெசவுக்கு வலிமை வேண்டும். ஆனால் அது இழையின் மென்மையை அறிந்த வலிமையாக இருக்க வேண்டும். குடும்பத்தில் ஓர் ஆணின் வலிமையும் இப்படித்தான்.

ஆனால் நாம் ஆண் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம்? 'ஆம்பளை அழக்கூடாது' என்கிறோம். 'பொண்டாட்டி பேச்சைக் கேட்பவன் ஆம்பளையா?' என்று கேலி செய்கிறோம். வலியை வாயால் சொல்லத் தெரியாதவன் அதைக் கையால் சொல்கிறான். அல்லது மதுக்கடையில் கரைக்கப் பார்க்கிறான். கூலி வாங்கிய நாளின் மாலையில் அப்பா எப்படி வருவாரோ என்று பிள்ளைகள் வாசலைப் பார்த்து நிற்கிறார்கள்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 38 பேர் ஏதேனும் ஒரு காலத்தில் கணவரின் வன்முறைக்கு உள்ளாகியிருக்கிறார்கள். நம் கத்தோலிக்க இல்லங்கள் இதற்கு விதிவிலக்கு என்று துணிந்து சொல்ல முடியுமா?

அப்படியானால் உண்மையான ஆண்மை எது? திருச்சபை நமக்குச் சுட்டிக்காட்டும் மனிதர் புனித சூசையப்பர்.

முதலாவதாக, அவர் பெண்ணின் மானத்தைக் காத்தவர். மரியா கருவுற்றிருப்பதை அறிந்தபோது, அவரை ஊரார் முன் நிறுத்தச் சட்டம் சூசையப்பருக்கு இடம் தந்தது. அவரோ மரியாவை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பவில்லை (மத் 1:19). தனக்கு வலித்தது என்பதற்காக அவர் பிறரை வலிக்கச் செய்யவில்லை.

இரண்டாவதாக, அவர் பேச்சைவிடச் செயலால் பேசியவர். நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. ஆனால் கனவில் எச்சரிப்பு வந்த இரவிலேயே எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார் (மத் 2:14). தன் வலிமையை அவர்களைச் சுமக்கப் பயன்படுத்தினார்.

மூன்றாவதாக, மனைவிக்கு இடம் கொடுத்தவர். கோவிலில் சிறுவன் இயேசுவைக் கண்டபோது, மகனிடம் கேள்வி கேட்டவர் மரியாதான் (லூக் 2:48). அதனால் சூசையப்பரின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

கைத்தொழில் செய்து குடும்பத்தைக் காத்த இவரைத் தொழிலாளரின் பாதுகாவலராகப் போற்றும் மே 1 திருநாளை 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் ஏற்படுத்தினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 முதல் ஓராண்டை சூசையப்பர் ஆண்டாக அறிவித்தார்.

நம் தமிழ் மண்ணிலும் இத்தகைய ஆண்மைக்குச் சாட்சி உண்டு. திருவிதாங்கூர் அரசில் பதவி வகித்த தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் சிறைப்பட்டார். எருமை மீது ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தப்பட்டபோதும் அவர் பழிவாங்க நினைக்கவில்லை, விசுவாசத்தையும் விடவில்லை. 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட இந்தக் குடும்பத் தலைவர், 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார்.

இதைக் கேட்டு, 'பெண்கள்தான் பொறுத்துப் போக வேண்டும்' என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. அடி வாங்குவது சிலுவை சுமப்பது ஆகாது. துன்புறும் சகோதரிகள் பங்குத் தந்தையிடமோ அன்பியத்தாரிடமோ மனம் திறந்து பேசலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் தயங்காமல் அழைக்கலாம்.

ஆண்களாகிய நாம் என்ன செய்யலாம்? கூலியை நேராக வீட்டிற்குக் கொண்டுவந்து, செலவை மனைவியோடு சேர்ந்து திட்டமிடலாம். தவறு செய்தபோது பிள்ளைகள் முன்பாகவே மன்னிப்புக் கேட்கலாம். அன்பியக் கூட்டத்தையும் குடும்ப செபத்தையும் பெண்களின் வேலை என்று ஒதுக்காமல், நாமே செபமாலையைக் கையில் எடுக்கலாம். இலாசரின் கல்லறையருகே இயேசுவே கண்ணீர் விட்டார் (யோவா 11:35). நாம் அழுவதில் என்ன வெட்கம்?

கடவுளை 'அப்பா' என்று அழைக்க இயேசு நமக்குக் கற்றுத்தந்தார். அந்தச் சொல்லை அவர் மனிதராக முதலில் சொல்லிப் பழகியது சூசையப்பரின் வீட்டில்தான். நம் பிள்ளைகள் செபத்தில் 'விண்ணகத் தந்தையே' என்று சொல்லும்போது அவர்கள் மனதில் எந்த முகம் தோன்றுகிறது? அச்சமூட்டும் முகமா, ஆறுதல் தரும் முகமா?

இன்றிரவு வீட்டு வாசலை மிதிக்கும் முன் இக்கேள்வியை நமக்குள் கேட்போம். இழை அறாமல் நெய்யும் பக்குவத்தைப் புனித சூசையப்பர் நமக்குப் பெற்றுத் தருவாராக!