எலுமிச்சைக் குவியலும் 32 செயலிகளும்

காஞ்சிபுரத்துக் கோயில் வாசல்களில் எலுமிச்சம்பழங்களைக் கூம்பாக அடுக்கி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் மூன்று பழங்களுக்கு நடுவே உண்டாகும் பள்ளத்தில் மேலடுக்குப் பழம் ஒன்று சென்று அமர்கிறது. நான்கு அடுக்குக்கு 10+6+3+1, ஆக 20 பழங்கள். இந்த எண்ணிக்கைக்கு ஆரியபட்டரே சூத்திரம் தந்திருக்கிறார்.

இதைவிட நெருக்கமாக அடுக்க வழி உண்டா? இல்லை என்று 1611-இல் கெப்ளர் கூறினார். பழங்களைச் சரியான கோளங்கள் எனக் கொண்டால், இவ்வடுக்கில் இடத்தின் 74 விழுக்காடு நிரம்புகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக நேருக்கு நேர் வைத்தாலோ 52 விழுக்காடுதான். பழக்கடைக்காரர் அனுபவத்தில் கண்டதை மெய்ப்பிக்கக் கணித அறிஞர்களுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பிடித்தன! ஒழுங்கான அடுக்குகளுக்கு மட்டும் 1831-இல் காஸ் விடை கண்டார். தாறுமாறான அடுக்குகள்தாம் தொல்லை கொடுத்தன; அவற்றுக்கு எண்ணிக்கையே இல்லை அன்றோ?

1998-இல் அமெரிக்கரான தாமஸ் ஹேல்ஸ், மாணவர் பெர்குசனுடன் சேர்ந்து, கணிப்பொறி உதவியால் இதை மெய்ப்பித்ததாக அறிவித்தார். நிரூபணத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த நடுவர்கள், அது சரி என்பதில் தங்களுக்கு 99 விழுக்காடு உறுதி என்று சொல்லி ஓய்ந்தனர். கணிதத்தில் மீதி ஒரு விழுக்காடு சிறியதன்று. எனவே ஒவ்வொரு படியையும் கணிப்பொறியையே சரிபார்க்க வைக்க ஹேல்ஸ் முனைந்தார். பலர் கூடிச் செய்த அவ்வேலை 2014 ஆகஸ்டில் முடிந்தது.

அதில் ஒரு பகுதி சுமார் 23,000 அசமன்பாடுகளைச் சரிபார்ப்பது. ஒரே செயலியிடம் விட்டால் ஏறத்தாழ 5,000 மணி நேரம், அதாவது ஏழு மாதம் ஆகும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கணிப்பொறிகளில் 32 செயலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் 5,000÷32, சுமார் 156 மணி, ஆறரை நாள். இதுவே இணைக் கணிப்பு.

இவ்வளவு சுலபமாகப் பங்கிட முடிந்தது ஏன்? முப்பது புடவைகளை முப்பது தறிகளில் நெய்வது போன்றது இவ்வேலை. ஒரு தறி மற்றதற்காகக் காத்திருப்பதில்லை. ஓர் அசமன்பாட்டின் விடையும் அடுத்ததற்குத் தேவையில்லை. எல்லாக் கணக்கும் இப்படி அமையாது. காஞ்சிபுரம் கோர்வைப் புடவையையே பாருங்கள். உடலுக்கும் கரைகளுக்கும் வெவ்வேறு நிற ஊடை, மூன்று நாடாக்கள். நெசவாளரும், கரைக்கு நாடா விடும் துணையாளும் ஒவ்வோர் இழைக்கும் ஒருவருக்காக ஒருவர் நிற்க வேண்டும். மூன்றாவது ஆளைச் சேர்த்தால் வேகம் கூடாது, இடைஞ்சல்தான் கூடும்.

சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் 2004-இல் நிறுவிய ‘கப்ரு’ இந்த இரண்டாம் வகைக் கணக்குகளுக்கானது. 144 கணிப்பொறிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு செயலிகள். அணுக்கருவினுள் இருக்கும் குவார்க்குகளை ஆராய, வெளியையே சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். ஒரு கட்டத்தின் மதிப்பு பக்கத்துக் கட்டங்களைப் பொறுத்தது. ஆகவே கணிப்பொறிகளை முப்பரிமாண வலையாகப் பின்னி, ஒவ்வொன்றும் தன் அண்டைக் கணிப்பொறிகளுடன் விரைந்து செய்தி பரிமாறும்படி அமைத்திருந்தார்கள்.